அறுபடாத தொடர்பு: யஸ்மின் குணரத்னவின் வாழ்வும் கவிதையும்

சங்கப் புலவர் பலர் தம் ஊரின் பெயரோடு சேர்த்தே அறியப்படுகின்றனர். ஆலத்தூர் கிழார், ஒக்கூர் மாசாத்தியார், கோவூர் கிழார் என்றவாறு அவர்தம் பெயர்கள் அமைந்துள்ளன. இவ்வரிசையிலே மதுரை ஈழத்துப் பூதன்தேவனார் என்னும் பெயர் தனித்து நிற்கின்றது. அப்பெயரில் இரண்டு இடங்கள் உள்ளன. புலவர் புறப்பட்ட இடமும் சென்று சேர்ந்த இடமும் ஒன்றையொன்று அழிக்காது அருகருகே நிற்கின்றன. அவர் மதுரைக்குரியவரா ஈழத்துக்குரியவரா என்று தொகுத்தோர் தீர்ப்புக் கூற முற்படவில்லை. இரண்டையும் எழுதி வைத்தனர்.

இன்றைய இலக்கிய வரலாறுகளுக்கு இத்தகைய பொறுமை வாய்ப்பதில்லை. ஒரு கவிஞரை ஏதேனும் ஒரு நாட்டின் பட்டியலிலே சேர்த்துவிட அவை அவசரப்படுகின்றன. யஸ்மின் குணரத்ன இவ்வவசரத்துக்கு உட்பட்ட ஒருவர். அவுஸ்திரேலிய இலக்கியத் தொகுப்புகள் அவரைக் குடியேறிய அவுஸ்திரேலியப் படைப்பாளிகளுள் ஒருவராகக் கொள்கின்றன. இலங்கையின் ஆங்கில இலக்கியம் பற்றி எழுதுவோர் அவரைத் தம் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதுகின்றனர். தமிழ் வாசகர் மத்தியிலோ அவருடைய பெயர் போதிய அளவு அறியப்படவில்லை. ஆயினும் 1983ஆம் ஆண்டின் தீயைப் பற்றி இலங்கையின் ஆங்கிலக் கவிதையிலே எழுந்த மிக முக்கியமான குரல்களுள் ஒன்று அவருடையது. அக்குரல் மகாவலிக் கரையிலே பயின்று, சிட்னியிலிருந்து ஒலித்தது. இவ்விரு இடங்களுக்கும் இடைப்பட்ட தூரமே அவருடைய கவிதையின் கருப்பொருளாகவும் கருவியாகவும் அமைந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வும் கல்வியும்

யஸ்மின் டயஸ் பண்டாரநாயக்க 1935ஆம் ஆண்டு பிறந்தார். இலங்கை அரசியலிலே பெருஞ்செல்வாக்குப் பெற்ற பண்டாரநாயக்க குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆங்கிலமே வீட்டு மொழியாக வழங்கிய, நூல்களும் உறவினரும் நிறைந்த சூழலிலே வளர்ந்தார். அக்குடும்பத்தைப் பற்றி 1986ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நினைவுநூல், உறவினரின் பெருமைகளை மாத்திரமன்றி அவர்தம் சிறுமைகளையும் நகைச்சுவையோடு கூறுவது. தன் குலத்தைத் தானே தூரத்தில் நிறுத்திப் பார்க்கும் இப்பண்பு அவருடைய கவிதையை விளங்கிக்கொள்ள உதவுவதாகும்.

கொழும்பிலே பள்ளிக் கல்வியை முடித்த அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே ஆங்கிலம் பயின்று 1959ஆம் ஆண்டு முதல் வகுப்பிலே சித்தியெய்தினார். பின் கேம்பிறிட்ஜ் சென்று 1962ஆம் ஆண்டு கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வின் பயனாக 1968ஆம் ஆண்டு வெளிவந்த நூல், 1815 முதல் 1878 வரையான காலத்து இலங்கை ஆங்கில இலக்கியத்தைப் பற்றியது. 1815 என்பது கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்ட ஆண்டாகும். கண்டியின் வீழ்ச்சியோடு தொடங்கும் ஓர் இலக்கிய வரலாற்றைக் கண்டிக்கு அருகிலேயே கற்பித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. கண்டி வீழ்ச்சியிலே பெரும்பங்கு கொண்ட ஜோன் டொயிலியின் வாழ்க்கை வரலாற்றையும் தம் கணவரும் மருத்துவருமான பிறெண்டன் குணரத்னவுடன் இணைந்து 1999ஆம் ஆண்டு அவர் எழுதி வெளியிட்டார். இவ்வாறு தொடக்கம் முதலே அவருடைய நாட்டம், ஆங்கிலம் இந்நாட்டுக்கு எவ்வாறு வந்தது, வந்து என்ன செய்தது என்னும் வினாவைச் சுற்றியே அமைந்தது.

1962 முதல் 1972 வரை பேராதனையிலே அவர் விரிவுரையாற்றினார். ஜேன் ஒஸ்டினைப் பற்றி 1970ஆம் ஆண்டும் அலெக்சாண்டர் போப்பைப் பற்றி 1976ஆம் ஆண்டும் அவர் எழுதிய திறனாய்வு நூல்களைக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. இவ்விரு ஆசிரியர்களும் அங்கதத்திலே வல்லவர்கள். மனிதரின் பாசாங்கை உரத்த குரலிற் கண்டியாமல், சொல்லின் ஒழுங்கினாலேயே வெளிப்படுத்தியவர்கள். குணரத்னவின் கவிதையும் இப்பள்ளியிலேயே பயின்றது. 1970ஆம் ஆண்டு அவர் தொடங்கிய 'நியூ சிலோன் றைற்றிங்' என்னும் சஞ்சிகை இலங்கையின் ஆங்கிலப் படைப்புகளுக்குக் களம் அமைத்தது. 1972ஆம் ஆண்டு நாடு ஸ்ரீலங்கா எனப் பெயர் மாறிய பின்னரும் சஞ்சிகையின் பெயரில் 'சிலோன்' என்பது மாறாது நின்றது.

மொழி என்னும் வழக்கு

அவருடைய முதலாவது கவிதைத் தொகுதி 1971ஆம் ஆண்டு வெளிவந்தது. 'சொல், பறவை, கோலம்' என அதன் தலைப்பைத் தமிழிற் கூறலாம். அக்காலத்திலே ஆங்கிலத்தில் எழுதும் இலங்கையர் ஒவ்வொருவரும் ஒரு வழக்கிலே பிரதிவாதியாக நிறுத்தப்பட்டிருந்தனர். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தின் பின்னர் ஆங்கிலம் அரசாங்கத்தின் மொழியாக இருக்கும் தகுதியை இழந்தது. ஆனால் வாழ்விலே உயர்வதற்கான வழியாக இருக்கும் அதிகாரத்தை அது இழக்கவில்லை. கிராமப்புறங்களிலிருந்து வந்த சிங்கள மாணவர் பேராதனையிலே ஆங்கிலத்தை 'கடுவ' என்றனர். கடுவ என்பது வாள். வெட்டுவதற்கு ஒருவன் கையிலே இருப்பதும் வெட்டுப்படுவதற்கு மற்றவன் முன்னே நீட்டப்படுவதும் ஒரே வாள்தான். அவ்வொரு சொல்லிலே ஒரு தலைமுறையின் வர்க்க அனுபவம் அடங்கியிருந்தது.

இவ்வழக்கிற்கு அவர் அளித்த விடையாக 'இம்மொழி, இப்பெண்' என்று பெயர்க்கத்தக்க கவிதை அமைகின்றது. ஆங்கிலம் அங்கு ஒரு பெண்ணாக உருவகிக்கப்படுகின்றது. அவளை அந்நியள் என்றும் ஒழுக்கங் கெட்டவள் என்றும் ஏசுவோருக்கு அவளை நேசிப்பவன் கூறும் மறுமொழியே கவிதை. ஏசுவோரின் வசைக்குள்ளே மறைந்திருக்கும் ஆசையை அவன் சுட்டிக்காட்டுகின்றான். பழைய ஆதிக்க உறவு முடிந்துவிட்ட இக்காலத்திலேதான் அவளை அவளுக்காகவே நேசிப்பது இயலும் என்கின்றான்.

தமிழ் மரபிலே மொழியைப் பெண்ணாகக் காண்பது புதிதன்று. ஆயினும் தமிழ்த்தாய் என்று வணங்கும் மரபுக்கும் இதற்கும் வேறுபாடுண்டு. தாயை எவரும் தேர்ந்துகொள்வதில்லை. காதலியைத் தேர்ந்துகொள்ள வேண்டும், தேர்ந்துகொண்டமைக்குக் காரணமுங் கூற வேண்டும். பிறப்பினாலன்றித் தேர்வினாலே ஒரு மொழிக்குரியவராகும் நிலையை அவர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். அதேவேளை இக்கவிதையில் ஒரு குறையுமுண்டு. வாளாற் காயப்பட்டவனின் வலி அங்கு பொறாமையாக மாத்திரமே காணப்படுகின்றது. ஆங்கிலம் கிட்டாத கிராமத்து மாணவனுக்கு அக்கவிதையிலே பேச இடமில்லை. வழக்கறிஞர் திறமையோடு வாதாடுகின்றார்; எதிர்த்தரப்பின் சாட்சி அழைக்கப்படவில்லை. இக்குறையை ஈண்டு குறித்துக்கொள்வது அவசியம். ஏனெனில் அவருடைய பிற்காலக் கவிதையின் வளர்ச்சி, பிறர் பேச இடமளிப்பதிலேயே தங்கியிருக்கின்றது.

பல்லியின் சொல்

1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. கண்டி, கேகாலை மாவட்டங்களும் பேராதனை வளாகமும் அதன் அதிர்வுக்குத் தப்பவில்லை. விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருந்தவர்களுட் சிலரும் அதில் ஈடுபட்டனர். ஆயிரக்கணக்கான இளைஞர் மாண்டனர். இதற்கு அடுத்த ஆண்டிலே வெளிவந்த அவருடைய இரண்டாவது தொகுதியின் தலைப்புக் கவிதை 'பல்லியின் குரல்' என்னும் நீண்ட கவிதையாகும்.

சிங்கள இலக்கியத்தின் சந்தேச காவிய மரபை இந்நெடுங்கவிதை தழுவியது. சந்தேசம் என்பது தமிழிலே தூது என வழங்கும் வகையைச் சேர்ந்தது. கிளி, அன்னம், மேகம் முதலியவற்றைத் தூதாக விடுத்து, அவை செல்லும் வழியிலுள்ள நகரங்களையும் ஆலயங்களையும் அரசனின் சிறப்பையும் பாடுவது அதன் இலக்கணம். சிங்களத்திலே மயிலும் குயிலும் புறாவும் தூது சென்றன. குணரத்ன பல்லியைத் தேர்ந்துகொண்டார். பல்லி சொல்லும் பலனிலே தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரேவகை நம்பிக்கையுண்டு. ஒருவர் வீட்டைவிட்டுப் புறப்படும் வேளையிலே பல்லி சொன்னால் பயணம் தடைப்படும். வானத்திலே பறந்து அழகைப் பாடும் பறவைக்குப் பதிலாகச் சுவரிலே ஒட்டிக்கொண்டு கேட்டினை முன்னறிவிக்கும் பிராணியைக் கொண்டமையிலேயே கவிதையின் நோக்கு வெளிப்படுகின்றது. புகழ்வதற்கென அமைந்த காவிய வடிவம் இகழ்வதற்குப் பயன்படுத்தப்பட்டது. சமூகத்தின் பாசாங்குகள் அங்கதத்துக்கு உள்ளாயின.

இங்கு போப்பின் மாணவி தெளிவாகவே தெரிகின்றார். உயர்ந்த வடிவத்திலே தாழ்ந்த பொருளை வைத்து இரண்டுக்குமுள்ள பொருத்தமின்மையால் நகையை விளைவித்தல் போப்பின் உத்தியாகும். ஆனால் அங்கதம் எழுதுபவர் தான் நகைக்கும் சமூகத்தைவிட ஒரு படி உயரத்தில் நின்றே எழுத வேண்டியவராகின்றார். ஏப்ரல் 1971இலே கேள்விக்குள்ளானது அந்த உயரமே. நூல் வெளிவந்த 1972ஆம் ஆண்டிலேயே அவர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்.

புதிய வானம்

சிட்னியிலுள்ள மக்குவாரிப் பல்கலைக்கழகத்திலே அவர் நீண்டகாலம் பணியாற்றினார். 1988 முதல் 1993 வரை அங்கு பின்காலனித்துவ இலக்கிய மொழி ஆய்வு மையத்தின் முதற் பணிப்பாளராகவும் விளங்கினார். 1990ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய அரசின் உயர் விருதொன்று அவருக்கு அளிக்கப்பட்டது. 1981இலே மூன்றாவது கவிதைத் தொகுதியும், 1991இலே நாற்பதாண்டுக் கவிதைகளிலிருந்து தெரிந்தெடுத்த தொகுதியும் வெளிவந்தன. பின்னைய தொகுதியின் தலைப்பிலே 'கொண்டாட்டங்கள்', 'புறப்பாடுகள்' ஆகிய இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. பூதன்தேவனாரின் பெயரில் நிற்கும் இரண்டு ஊர்களைப் போல அவையும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

புலம்பெயர்ந்தோர் இலக்கியத்திலே பெரும்பாலும் காணப்படும் ஏக்கம் அவரிடம் அரிதாகவே காணப்படுகின்றது. இழந்த நாட்டின் மாமரத்தையும் மழையையும் நினைந்து உருகுவது எளிது. அவ்வுருக்கத்தை அவர் ஐயத்தோடு நோக்கினார். ஆசியக் கவிஞர் ஒருவர் அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் கையிலே அகப்பட்டுக்கொண்ட கதையைக் கூறும் அவருடைய கவிதையின் தலைப்பு, விவிலியத்திலே கள்வர் கையில் அகப்பட்ட வழிப்போக்கனை நினைவூட்டுமாறு அமைந்தது. கீழைநாட்டின் துயரை மேலைநாட்டுச் சந்தைக்கு ஏற்ற சரக்காக்குவோர் மீது அவருக்கிருந்த கோபத்தை அத்தலைப்பு ஒன்றே காட்டும்.

அவருடைய முதலாவது நாவல் 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. 'வானம் மாறுதல்' என அதன் தலைப்பைத் தமிழிற் கூறலாம். அவுஸ்திரேலியா செல்லும் பரத் என்னும் சிங்களவரையும் நவரஞ்சினி என்னும் தமிழ் மனைவியையும் பற்றிய கதை அது. அங்கு அவர்கள் தம் பெயர்களையே மாற்றிக்கொள்கின்றனர். கதையின் கணிசமான பகுதி நவரஞ்சினியின் வாயாலேயே கூறப்படுகின்றது. கணவன் காணத் தவறுவனவற்றை அவள் காண்கின்றாள். சிங்களக் குடும்பத்திலே பிறந்த ஆசிரியர் ஒருவர் கதையைக் கூறும் உரிமையைத் தமிழ்ப் பெண்ணொருத்தியுடன் பகிர்ந்துகொண்டமை தற்செயலானதன்று. அதற்கு முன்னோடியாக அவருடைய கவிதையிலே ஒரு தமிழர் ஏற்கெனவே பேசியிருந்தார்.

தீயும் தொலைபேசியும்

'பிக் மச், 1983' என்னும் கவிதையே அவருடைய கவிதைகளுள் மிகப் பரவலாக அறியப்பட்டது. இலங்கையிலே 'பிக் மச்' என்பது இரு கல்லூரிகளுக்கிடையே ஆண்டுதோறும் நடைபெறும் கிரிக்கெட் ஆட்டத்தைக் குறிக்கும். கொழும்பிலே றோயல் கல்லூரியும் புனித தோமையர் கல்லூரியும், கண்டியிலே திரித்துவக் கல்லூரியும் புனித அந்தோனியார் கல்லூரியும், யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் அவ்வாறு மோதுவன. ஆங்கிலத்திலே அச்சொல்லுக்குத் தீக்குச்சி என்னும் பொருளுமுண்டு. ஆட்டமும் தீக்குச்சியும் ஒரே சொல்லிலே ஒளிந்திருக்கின்றன. இச்சிலேடையைத் தமிழிற் கொண்டுவருதல் அரிது.

கவிதை அங்கதத்தோடு தொடங்குகின்றது. செய்தித்தாளின் தலைப்புகளைக் கண்டு உல்லாசப் பிரயாணிகள் தம் விடுதி அறைகளை இரத்துச் செய்கின்றனர். தன் வேர்களைத் தேடி வந்த புலம்பெயர்ந்த ஒருவர், தம் தேவைக்கு டொரொன்ரோவே போதும் என்று திரும்பிவிடுகின்றார். இவ்வங்கதம் எழுதியவர் மீதும் பாய்வது. அவரும் புறப்பட்டுச் சென்றவரே.

அடுத்து வரும் பகுதி திறனாய்வாளர் கவனத்துக்குரியது. தூரத்திலிருப்போர் நடுநிலையோடு ஆராய முற்படுகின்றனர். 1948, 1956, 1958 என்று ஆண்டுகளை அடுக்கி, சுதந்திரத்திலும் மொழி அரசியலிலும் தீயின் தொடக்கத்தைத் தேடுகின்றனர். இவ்விடத்திலேதான் கவிதை எதுகையிட்ட ஈரடிகளுக்குள் நுழைகின்றது. ஈரடி எதுகை போப்பின் வடிவம். ஒவ்வோர் இரண்டடியும் ஒரு கதவு மூடிக்கொள்வது போல முடிவுறும். காரணகாரியத்தை ஒழுங்குபடுத்துவதற்கு அதனிலும் ஏற்ற வடிவமில்லை. அவ்வடிவத்தைக் கையாண்டுகொண்டே, இத்தகைய ஒழுங்கான விளக்கத்தில் ஆறுதலோ பாவமன்னிப்போ இல்லையென்று கவிதை ஒப்புக்கொள்கின்றது. போப்பைப் பற்றி நூலெழுதிய ஒருவர், போப்பின் வடிவத்திலேயே அவ்வடிவத்தின் போதாமையை எழுதுகின்றார். பல்லியின் உயரத்திலிருந்து நகைத்த அங்கதம் இங்கு தோற்றுப்போனதை அங்கதக்காரரே அறிவிக்கின்றார்.

1956 என்னும் ஆண்டு இவ்வடுக்கிலே இடம்பெறுவதற்கும் தனிப் பொருளுண்டு. தனிச்சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, கவிஞரின் குடும்பத்தைச் சேர்ந்தவர். மொழியின் அரசியலைத் தீயின் மூலங்களுள் ஒன்றெனக் கூறும்போது கவிஞர் அயலாரைக் குற்றஞ்சாட்டவில்லை. சொந்த வீட்டின் கதவைத் திறந்து காட்டுகின்றார். 1948ஆம் ஆண்டோ கவிதையிலே சுதந்திரத்தோடு சேர்த்து நினைக்கப்படுகின்றது. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே அது குடியுரிமைச் சட்டத்தின் ஆண்டாகவும் நினைக்கப்படுவது. கவிதை கூறாது விட்ட அதனைத் தமிழ் வாசகர் தாமாகவே சேர்த்துப் படிப்பர்.

அதன்பின் தொலைபேசி ஒலிக்கின்றது. பழைய நூல்களும் படங்களும் நிறைந்த உயர்ந்த வீடொன்றிலே தமிழர் ஒருவர் அதனை எடுக்கின்றார். எதுகை மறைகின்றது. பேச்சின் ஓசை தொடங்குகின்றது. வாழ்க்கை இப்போது சற்றும் அலுப்பில்லாமற் போவதாக அவர் வேடிக்கையாகக் கூறுகின்றார். இரவெல்லாம் காவலிருப்பதையும் ஊரடங்கு நீங்கியதும் காடையர் புறப்படுவதையும் மனைவி மக்களை அயல்வீட்டுக்கு அனுப்பிவிடுவதையும் கூறுகின்றார். தீவட்டிகள் நெருங்கும் வேளையிலே தன் நூல்களுக்கு முன்னர் தானே தீப்பற்றிக்கொள்ளும் அளவுக்கு மதுவருந்தி வருவதாகவும் கூறுகின்றார்.

கவிதையின் மிகச் சிறந்த பகுதி இதுவே. அதுவரை கவிஞரிடமிருந்த அங்கதம் முழுவதும் இப்போது அத்தமிழரின் கைக்கு மாறிவிட்டது. நகைக்கும் உரிமை தீ நெருங்கும் வீட்டிலே இருப்பவனுக்கே உண்டு. சிட்னியிலிருப்பவர் செய்யக்கூடியது செவிமடுத்தல் ஒன்றே. காடையரைக் குறிப்பிடும்போது அவர்களை உங்களுடையவர்கள் என்று பொருள்படுமாறு அவர் ஒரு சிறு சொல்லைச் சேர்க்கின்றார். நண்பர்களுக்கிடையிலான வேடிக்கைதான், ஆயினும் அச்சிறு சொல்லிலே இனப்பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கின்றது. அக்குற்றச்சாட்டை மறுக்கும் வாய்ப்புக் கவிஞரிடம் இருந்தது. அவர் மறுக்கவில்லை. எழுதி வைத்தார். 'இம்மொழி, இப்பெண்' என்னும் கவிதையிலே அழைக்கப்படாத சாட்சி இங்கு அழைக்கப்பட்டுப் பேசி முடிக்கின்றார்.

தீப்பற்றுவன நூல்களா மனிதனா என்னும் அவ்வேடிக்கை, 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதை அறிந்த எவருக்கும் வேடிக்கையாகப் படாது. அழைத்தமைக்கு நன்றி கூறி, செய்வதற்கு ஒன்றுமில்லையென்றும் ஆயினும் சில தொடர்புகள் இன்னும் துண்டிக்கப்படவில்லை என்பதில் மகிழ்ச்சியென்றும் பொருள்படக் கூறி அவர் பேச்சை முடிக்கின்றார். தொலைபேசிக் கம்பியும் மனித உறவும் ஆங்கிலத்திலே ஒரே சொல்லால் உணர்த்தப்படுகின்றன. கவிதையின் அடியும் அதே சொல்லாலேயே குறிக்கப்படும். இம்மூன்றும் அறாதிருப்பதையே அக்கூற்று உணர்த்துகின்றது.

இறுதிப் பகுதி காட்சிகளின் தொகுதியாகும். யாழ்ப்பாணத்துப் பனையோலை வேலிகளுக்கூடாகத் துப்பாக்கிகள் நீளுகின்றன. புறக்கோட்டைக் கடைகள் பழைய புகைப்படங்களைப் போலச் சுருண்டு எரிகின்றன. சீருடையணிந்த இளைஞர் மூவர் உயிர்விட, கூட்டம் மறுபுறம் பார்க்கின்றது. கொழும்பிலே குழந்தையொன்று இறந்துகிடக்கப் பொலிசார் மறுபுறம் பார்க்கின்றனர். அரச மரத்தினடியிலே ஒருவர் அயலவரின் கல்லடிக்கு ஆளாகி மண்டியிடுகின்றார். தொலைக்காட்சித் திரையிலே நாடு உயிரோடு எரிவதைக் காண்பதோடு கவிதை முடிகின்றது.

'அயலவர்' என்னும் கருத்து இக்கவிதையிலே மூன்று முறை வேறு வேறு உருவிலே வருகின்றது. 1958இலே தொலைபேசியில் அழைத்தவரும் பேசியவரும் அயலவர். இம்முறை அடைக்கலம் அளிக்க இயலாமையே அழைத்தவரின் வேதனை. 1983இலே தமிழரின் மனைவியையும் பெண்மக்களையும் ஏற்றுக்கொள்பவர் ஓர் அயலவர். அரச மரத்தடியிலே கல்லெறிபவரும் ஓர் அயலவரே. காப்பாற்றியவரும் கல்லெறிந்தவரும் ஒரே வேலிக்கு அப்பால் வாழ்ந்தவர்கள் என்பதே ஆடி மாதத்தின் உண்மையாகும். அரசியல் விளக்கங்களிலே அகப்படாத இவ்வுண்மையைக் கவிதை பிடித்துக்கொண்டது.

இரண்டு வினாக்கள்

இக்கவிதையைத் தமிழ் வாசகர் வினாவின்றி ஏற்றுக்கொள்ள இயலாது. முதலாவது வினா அதன் தலைப்பைப் பற்றியது. கிரிக்கெட் ஆட்டத்திலே இரு அணிகளிலும் பதினொருவர் உளர். இரு அணியினருக்கும் ஒரே விதி, ஒரே நடுவர். 1983 ஜூலை 23ஆம் திகதி திருநெல்வேலியிலே பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கொழும்பிலே தொடங்கி, 26ஆம் திகதி கண்டியையும் எட்டிய வன்செயலிலே ஒரு பக்கத்தில் ஆயுதம் ஏந்திய கும்பல்களும் மறுபக்கத்திலே வீட்டுக்குள் ஒளிந்திருந்த குடும்பங்களும் இருந்தன. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர், மே மாதத்திலே, பேராதனையிலும் தமிழ் மாணவர் தாக்கப்பட்டு வளாகத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. இதனை ஆட்டமென்பது பொருந்துமா? இரு பக்கமும் ஒரே வெறியினாற் பீடிக்கப்பட்டதாகக் கவிதை கூறுமிடத்திலே இவ்வுருவகம் தடுமாறுகின்றது என்பதை மறைத்தல் ஆகாது. எனினும் கவிதையின் உடல் அதன் தலைப்பைத் திருத்துகின்றது. பொலிசார் மறுபுறம் பார்ப்பதைக் காட்டும்போது நடுவர் ஒருபக்கம் சேர்ந்துவிட்டமை தெரிகின்றது. நடுவரற்ற ஆட்டம் ஆட்டமன்று.

இரண்டாவது வினா வர்க்கம் பற்றியது. தொலைபேசியின் இரு முனைகளிலும் இருப்போர் ஒரே வகுப்பினர். ஒரே ஆங்கிலம், ஒரே நகைச்சுவை, ஒரேவகை நூலடுக்குகள். ஹந்தானை மலைக்கப்பாலுள்ள தோட்டத்து லயன் அறைக்கு அக்கம்பி செல்லவில்லை. அங்கிருந்தவர்களை அழைத்து நலம் விசாரிக்க எவருக்கும் ஓர் இலக்கம் இருக்கவில்லை. அறாதிருந்த தொடர்பு யார் யாருக்கிடையே அறாதிருந்தது என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது. 'கடுவ' என்று சொன்ன மாணவனின் வினாவும் இதுவே. இதற்கு விடையளித்தல் குணரத்னவின் கவிதைக்கு இயலவில்லை. அவர் அறிந்த உலகத்தை அவர் நேர்மையோடு எழுதினார். அறியாத உலகத்தை அறிந்ததாகப் பாசாங்கு செய்யவில்லை. அங்கதக்காரரிடம் எதிர்பார்க்கத்தக்க நேர்மை அது.

இவ்விடத்திலே எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' நினைவுக்கு வருதல் இயல்பு. பேராதனையிலே தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய நுஃமான், யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை, புத்தரே அங்கு கொல்லப்பட்டதாகக் கற்பனை செய்து எழுதினார். கவிஞர் முஸ்லிம்; மொழி தமிழ்; கொல்லப்பட்டவர் கொன்றவர்களின் போதகர். குணரத்னவின் கவிதையிலும் கல்லெறி நிகழ்வது புத்தர் ஞானம் பெற்ற மரத்தினடியிலேயே. ஒருவர் தமிழிலும் மற்றவர் ஆங்கிலத்திலும், ஒருவர் எரிப்பைக் கண்ட மண்ணிலிருந்தும் மற்றவர் கடல் கடந்தும் எழுதினர். ஆயினும் இருவரும் ஒரே முடிவுக்கு வந்தனர். தீயிட்டவன் அழித்தது பிறனுடைய உடைமையை மாத்திரமன்று, தன்னுடைய தர்மத்தையுமே என்பதே அம்முடிவு. நுஃமானின் கவிதை சுருக்கத்தால் வலிமை பெற்றது. குணரத்னவின் கவிதை பலரின் குரல்களால் வலிமை பெற்றது.

முடிவுரை

யஸ்மின் குணரத்ன பிற்காலத்திலே மீண்டும் இலங்கையிலே வாழ்ந்து, 2024ஆம் ஆண்டு கொழும்பிலே காலமானார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பியமையால் அவரை அவுஸ்திரேலியப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுதல் தவறாகும். தூரம் இல்லாதிருந்திருந்தால் தொலைபேசி இல்லை. தொலைபேசி இல்லாதிருந்திருந்தால் அத்தமிழரின் குரல் கவிதைக்குள் வந்திராது. பேராதனை அவருக்குச் சொல்லின் ஒழுங்கையும் அங்கதத்தின் கூர்மையையும் அளித்தது. அவ்வொழுங்கு போதாத ஒரு வேளையிலே சொல்லை நிறுத்திக் கேட்கும் பண்பைச் சிட்னி அளித்தது. அங்கதத்திலிருந்து செவிமடுத்தலுக்குச் சென்ற பயணமே அவருடைய கவிதை வாழ்வின் சாரமாகும்.

சிங்களக் குடும்பத்திலே பிறந்து ஆங்கிலத்திலே எழுதிய இக்கவிஞரைத் தமிழ் வாசகர் தமக்கு வேண்டாதவராகக் கருத வேண்டியதில்லை. அவருடைய தலைசிறந்த கவிதையின் நடுவிலே, நூல்களால் நிறைந்த வீடொன்றிலே, ஒரு தமிழர் இன்னமும் பேசிக்கொண்டிருக்கின்றார். அக்குரலைத் தமிழிலே கேட்கச் செய்வது மொழிபெயர்ப்பாளர் கடமை. அக்கம்பி செல்லாத இடங்களிலே ஒலித்த குரல்களைச் சேர்த்து எழுதுவது இனிவரும் கவிஞரின் கடமை.